படகு உள்ளே பார்க்க வேண்டும்

பதினாறு வருடமாகப் படகுப் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். இதுவரை படகில் ஏறியதில்லை. ஏறினால் குமட்டும் என்பது ஒரு காரணம். ஏறாமலே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இன்னொரு காரணம். மாதம் ஒருமுறை வருகிற பத்திரிகை அது. பாய்மரப் படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு, அலைச்சறுக்கு என்று தண்ணீரில் பைத்தியமாகத் திரிபவர்கள் வாங்கிப் படிப்பார்கள். எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதையும் படத்தையும் பக்கத்தில் பொருத்தி, பார்க்கும்படி ஆக்குவது என் வேலை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. படகு உள்ளே பார்க்க வேண்டும். இதழை விரித்து வைத்தால் நடுவில் மடிப்பு வருமில்லையா, படகின் மூக்கு அந்த மடிப்பைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் அச்சாகும் படகு வலது பக்கம் பார்க்கும், வலப்பக்கத்தில் அச்சாகும் படகு இடது பக்கம் பார்க்கும். மாறி நின்றால் ஆசிரியருக்கு ஆகாது. "படகு வெளிய போனா வாசகனும் கூடவே போயிடுவான்" என்பார். அவர் சொல்வதில் ஞாயம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. வெளியே பார்க்கும் படகு வந்தால், கண்ணாடியில் தெரிவது போலப் படத்தையே திருப்பிவிடுவேன். கணினியில் ஒரே ஒரு சொடுக்கு. படகில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வெட்டி நேராக ஒட்டுவேன். எத்தனையோ வலக்கைக்காரர்களை இடக்கைக்காரர்கள் ஆக்கியிருக்கிறேன். ஒரு வாசகர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

கை சும்மா இருக்காமல் வீட்டிலும் இதைச் செய்தேன். கூடத்தில் வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் தொங்குகிறது. முதலில் மாட்டியபோது பார்த்தால், இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம், வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. திருப்பி அச்சிட்டு மாட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "இது நான் இல்லைங்க" என்றாள். கன்னத்து மச்சம் பக்கம் மாறிவிட்டதாம். "மச்சம் இருக்குல்ல, அது போதாதா" என்றேன். இது நடந்து பதினாலு வருடம் ஆகிறது. பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மனைவியின் தம்பி புதிதாக ஒரு மோட்டார் படகு வாங்கியிருந்தான். அக்காவையும் அக்கா மகளையும் ஏற்றிக்கொண்டு ஆற்று முகத்துவாரம் வரை போய்வருவதாகத் திட்டம். என் மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் அவள் பெயர் வாலு. "அப்பா, நீங்களும் வாங்கப்பா" என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். கழுத்தைக் கொடுத்தாலும் கொடுப்பேன், படகில் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்கு என் காரையே எடுத்துக்கொண்டு மூவரும் போனார்கள். படகு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் துறையில் நின்றது.

பத்தே கால் இருக்கும். காபியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். எங்கள் புது இதழ் விரித்தபடி கிடந்தது. முந்தின நாள் மைத்துனன் வந்து பார்த்துவிட்டுப் போன பக்கம். 'இந்த வார இறுதியில் எங்கே போகலாம்' என்ற கட்டுரை, முகத்துவாரத்தைப் பற்றியது. பக்கம் முழுக்க மேலிருந்து எடுத்த படம். நடுவில் பாறைத்திட்டு, அதன் இரண்டு பக்கமும் தண்ணீர், வலப்பக்கத் தண்ணீருக்கடியில் பாறைகளின் கறுத்த நிழல், கீழே கட்டைவிரல் அளவில் ஒரு படகு. படகு சமர்த்தாக உள்ளே பார்த்தது. கீழே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: 'திட்டுக்கு இடப்பக்கமாகப் போங்கள். வலப்பக்கம் நீருக்கடியில் பாறைகள் உள்ளன, வெளியே தெரியாது.' அந்த இடப்பக்கத்தில் மைத்துனன் நீலப் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தான். அவனுக்கு எங்கள் பத்திரிகை வேதவாக்கு.

என் பக்கத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இந்தப் படத்தை நான் திருப்பினேன்.

படத்தைத் திருப்பியிருந்தால் ஆழமான வழி வலது பக்கம் இருக்கிறது, பாறை இடது பக்கம் இருக்கிறது. கீழே உள்ள குறிப்பும் காப்பாற்றாது. எங்கள் அலுவலகத்தில் குறிப்பு எழுதுகிற அம்மா முகத்துவாரத்தைப் பார்த்து எழுதுவதில்லை, நான் முடித்துக் கொடுக்கிற பக்கத்தைப் பார்த்து எழுதுகிறார். படம் பொய் சொன்னால் குறிப்பும் சேர்ந்து பொய் சொல்லும்.

மனைவியை போனில் கூப்பிட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. மைத்துனனுக்கு அடித்தேன், அதுவும் அப்படியே. காரணம் எனக்குத் தெரியும். 'படகில் ஏறும் முன் எல்லா போன்களையும் தண்ணீர் புகாத பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.' நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை எழுதுகிற அறிவுரை. ஒருத்தனாவது ஒழுங்காகப் படிக்கிறானே என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

சரி, பதறாமல் யோசிப்போம் என்று உட்கார்ந்தேன். படத்தை நான் ஒரு தடவையா திருப்பினேன்? இல்லை. முதலில் அந்தக் கட்டுரை வலப்பக்கத்தில் இருந்தது. படகு வெளியே பார்த்தது, திருப்பினேன். மறுநாள் மிதவைச் சட்டை விற்கிற கம்பெனிக்காரர்கள் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள், அவர்களுக்கு வலப்பக்கம்தான் வேண்டுமாம். கட்டுரை இடப்பக்கத்துக்குப் போனது. படகு மறுபடியும் வெளியே பார்த்தது, மறுபடியும் திருப்பினேன். இரண்டு தடவை திருப்பினால் பழையபடி ஆகிவிடும்.

மனக்கணக்கில் நம்பிக்கை இல்லாமல் ஒரு தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். நிமிர்ந்திருந்தால் படம் சரி, கவிழ்ந்திருந்தால் தப்பு. ஒரு தடவை கவிழ்த்தேன், இன்னொரு தடவை நிமிர்த்தினேன். தட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று ஆசிரியரைக் கூப்பிட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"முகத்துவாரம் படமா? நல்லா வந்திருக்குய்யா" என்றார்.

"சார், அந்தப் படம் உங்ககிட்டயிருந்துதான் எனக்கு வந்தது. வந்தபடியே அனுப்பினீங்களா?"

"எப்படி அனுப்புவேன்? கட்டுரை இடப்பக்கம் வரும்னு நினைச்சேன், படகு வெளிய பாத்துட்டு இருந்துச்சு. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு நானே திருப்பித்தான் அனுப்பினேன். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்" என்று வைத்துவிட்டேன். விஷயத்தைச் சொல்லியிருந்தால், திருத்தம் வெளியிடலாமா என்று ஒரு மணி நேரம் பேசுவார். தட்டைக் கவிழ்த்தேன். எனக்கு உதவி செய்ய வேண்டும் என்று பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை. தோன்றியது இந்தப் படத்துக்குத்தானா?

உடனே புகைப்படக்காரரைக் கூப்பிட்டேன். பறக்கும் கேமராவை வைத்து அந்தப் படத்தை எடுத்தவர் அவர். ஏதோ நீச்சல் போட்டியில் இருந்தார், பின்னால் ஒரே விசில் சத்தம்.

"போன மாசம் படகு வெளிய பாக்குதுன்னு உங்க ஆசிரியர் என்னைக் கிழிச்சு தொங்கவிட்டார். அதனால இப்பல்லாம் நானே திருப்பிட்டுத்தான் கொடுக்கறேன்" என்றார்.

நான் தட்டை நிமிர்த்தினேன். அவர் ஒன்று, ஆசிரியர் ஒன்று, நான் இரண்டு. நாலு தடவை. படம் சரி.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டேன். "அதைத் திருப்பினேனா, இல்ல அன்னைக்கே கொடுத்த அலைச்சறுக்குப் பொண்ணு படத்தைத் திருப்பினேனான்னு சரியா ஞாபகம் இல்ல. ரெண்டுல ஒண்ணைத்தான் திருப்பினேன்."

"அண்ணே, ஒரு பக்கமா சொல்லுங்க. என் பொண்டாட்டி பிள்ளை அந்தத் தண்ணியில இருக்காங்க."

அவர் குரல் மாறியது. "ஐயையோ. மூலப்படம் ஸ்டூடியோல இருக்கு. இப்பவே போறேன். முக்கால் மணி நேரம் கொடுங்க."

தட்டைப் படுக்கவைக்க மனம் வரவில்லை. சுவரோடு சாய்த்து, செங்குத்தாக நிறுத்தினேன். அது சரியும் இல்லை, தப்பும் இல்லை.

முக்கால் மணி நேரம் சும்மா உட்கார முடியுமா? கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தேன். திட்டு ஒரு புள்ளியாகத் தெரிந்தது, இரண்டு பக்கமும் ஒரே நீலம். தண்ணீருக்கடியில் இருக்கிற பாறை அதில் எப்படித் தெரியும்? எங்கள் படத்தில் கரை தெரிந்திருந்தாலாவது, கரை எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். கரையை வெட்டித் தூக்கிப்போட்டவனும் நான்தான், தலைப்பு பெரிதாக வர வேண்டும் என்று.

கட்டுரையை எழுதியவர் ஞாபகத்துக்கு வந்தார். ஊரே அவரைக் கேப்டன் என்று கூப்பிடும். 'நானும் என் படகும்' என்று பத்து வருடமாக எழுதுகிறார். தாடியும் உண்டு. அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"கேப்டன், முகத்துவாரத்துல நீங்க திட்டுக்கு எந்தப் பக்கமா போனீங்க?"

"படத்துல இருக்குமே தம்பி."

"படத்தை விடுங்க. நீங்க போனப்ப?"

"எனக்கு ஆறு மாசமா இடுப்பு வலி. உக்கார முடியல. நீங்க நல்ல படமா போடுவீங்கன்னு தெரியும், அதனாலதான் 'படத்தில் காட்டியபடி' அப்படின்னு எழுதினேன்."

அவர்மேல் கோபம் வந்தது. பிறகு, படகில் ஏறாமல் படகுப் பத்திரிகை நடத்துகிறவர்களில் நான் இரண்டாவது ஆள்தான் என்று புரிந்தது. மூன்றாவது ஆளை எண்ணப் பயமாக இருந்தது.

படகுத்துறை அலுவலகத்தின் எண் எங்கள் இதழிலேயே இருந்தது. எடுத்தவர் நிதானமானவர். மைத்துனனின் படகு பத்து மணிக்கே கிளம்பிவிட்டது என்றார். திட்டுக்குப் பக்கத்தில் போகப் பதினொன்றரை ஆகும்.

"சார், திட்டுக்கு எந்தப் பக்கம் ஆழம்?"

"எந்தப் பக்கம்னா, போறப்பவா வர்றப்பவா?"

"போறப்ப சார்."

"போறவங்க பாக்கறப்பவா, இங்கயிருந்து நாம பாக்கறப்பவா?"

"போறவங்க பாக்கறப்ப."

"அது போறவங்களுக்குத்தாங்க தெரியும். நான் வண்டி நிறுத்தத்துக்குச் சீட்டு கொடுக்கறவன். படகுக்காரர் சாப்பிடப் போயிருக்கார்." வந்ததும் ஒரு படகை அனுப்பச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சொல்கிறேன் என்றார். அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கூடத்தில் நின்று முகத்துவாரத்தை நடந்து பார்த்தேன். சோபாதான் திட்டு. இடது பக்கமாகப் போனேன். திரும்பி வரும்போது அது வலது பக்கமாகிவிட்டது. என் இடது கை எது என்பதிலேயே சந்தேகம் வந்து, கடிகாரம் கட்டியிருக்கிற கையைப் பார்த்துக்கொண்டேன். பதினொன்று இருபது. வாலுவுக்கு நீச்சல் தெரியும். ஆனால் குளத்து நீச்சல்தான் தெரியும். நானும் போயிருக்க வேண்டும். குமட்டினால் குமட்டிவிட்டுப் போகட்டும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். பயமாக இருந்தது. வாய்விட்டு அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

பதினொன்று நாற்பதுக்குப் புகைப்படக்காரரிடமிருந்து ஒரு படம் வந்தது. மூலப்படம், யார் கையும் படாதது. இதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். திட்டு, பாறையின் நிழல், படகு. இரண்டும் ஒன்று. ஆழமான வழி இடது பக்கம்தான். 'நாலு தடவை திருப்பி நேரா வந்திருக்கு, உங்க குடும்பத்துக்கு ஒண்ணும் ஆகாது' என்று எழுதியிருந்தார்.

தட்டை எடுத்து மேசைமேல் நிமிர்த்திவைத்தேன். அப்புறம் அதில் சோறு போட்டுச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை. ஆளாளுக்கு ஒரு தடவை தப்பு செய்தால் கடைசியில் சரியாக வந்துவிடுகிறது, இதுதான் எங்கள் பத்திரிகையின் ரகசியம் போல என்று சிரித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. மனைவி.

"பயப்படாதீங்க. எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாள். இப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது? "படகு பாறையில ஏறிடுச்சு. அடியில ஓட்டை. இடுப்பளவு தண்ணியில ஒரு மணி நேரம் நின்னோம். அப்புறம் துறையிலயிருந்து ஒரு படகு வந்து ஏத்திக்கிச்சு. வாலுவுக்கு முழங்கால்ல மூணு தையல். இப்பத்தான் போட்டாங்க."

"எந்தக் கால்?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"எந்தக் காலா இருந்தா என்ன?" என்றாள்.

"பாறை வலது பக்கம்ல இருக்கு?" என்றேன். "பத்திரிகையில தெளிவா போட்டிருக்கே, இடப்பக்கமா போகணும்னு. உன் தம்பி அம்புக்குறியே போட்டு வெச்சிருந்தானே. படம் சரிதான், நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஏன் வலப்பக்கம் போனான்?"

"அவன் இடப்பக்கம்தான் போனான்" என்றாள். "நான்தான் திருப்பச் சொன்னேன்."

"ஏன்?"

"அது நீங்க போட்ட படமாச்சே. நீங்க திருப்பாம எதைப் போட்டிருக்கீங்க? கல்யாணப் படத்தையே திருப்பி மாட்டினவர், இதைத் திருப்பியிருக்க மாட்டாரான்னு நினைச்சேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். பிள்ளைய வெச்சுக்கிட்டு விளையாடாதேடான்னு நான் சத்தம் போட்டேன். அக்கா சொல்றாளேன்னு திருப்பிட்டான்."

அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"வெச்சிடறேன், இது நர்ஸ் போன்" என்றாள்.

ஆறு மணிக்கு வந்தார்கள். வாலு கட்டுப்போட்ட காலைப் பெருமையாக நீட்டி நீட்டி நடந்து வந்தாள். இடது கால். அவளைத் தூக்கிக்கொண்டேன், இறக்கிவிட மனமில்லை. "விடுங்கப்பா, கூசுது" என்று அவளே இறங்கிப் போனாள். மைத்துனன் சாவியைக் கொடுத்தான். "அத்தான், பக்கம் சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போனான்.

மனைவி அறைக்குள் போய்விட்டாள். நான் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினேன். நேராக அச்சிட்டு மாட்டிவிட வேண்டும், இன்றைக்கே. கணினியில் தேடினால் இரண்டு படம் இருந்தது. ஒன்று மூலம், ஒன்று நான் திருப்பியது, எது எது என்று பெயரில் இல்லை. சட்டகத்தில் இருப்பது திருப்பியதுதான், அதற்கு மாறாக இருப்பது மூலம் என்று நினைத்தேன். ஆனால் அதுவும் நிச்சயமில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது படம் எதிர்ச்சுவருக்குப் போனது, அப்போது ஒருமுறை மாற்றினேன். திரும்பப் பழைய இடத்துக்கு வந்தபோது மாற்றினேனா இல்லையா, நினைவில்லை.

அதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம், மச்சம் எந்தக் கன்னத்தில் என்று தெரிந்தால் போதும். கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்தேன். முகம் வந்தது, மச்சமும் வந்தது. ஆனால் அது ஒரு பக்கம் நிற்காமல் இங்கேயும் அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். காலையில் பட்ட பயத்தைவிட இந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

எழுந்து அறை வாசலுக்குப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடி முன்னால் நின்று, உப்பேறிய தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். மச்சம் தெரிந்தது. கண்ணாடியில் தெரிகிற பக்கமா, அதற்கு மறுபக்கமா என்று மனசுக்குள் தட்டைத் திருப்ப ஆரம்பித்தேன். கண்ணாடி வழியாகவே அவளும் என்னைப் பார்த்தாள். என் கையில் படம் இருந்தது.

"மச்சம் எந்தப் பக்கம்னு பாக்கறீங்களா?"

"ஆமா" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சீப்பை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கண்ணாடியில பாக்காதீங்க. இங்க பாருங்க" என்றாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். இடது கன்னம். கண்ணுக்கு இரண்டு விரல் கீழே. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. பக்கத்தில் கடல் உப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. இனிமேல் குழம்பக் கூடாது என்று அதன்மேல் விரலை வைத்தேன்.

"பாத்தாச்சா?" என்றாள்.

"இரு. இன்னும் பாக்கறேன்" என்றேன்.